நடனப் பட்டியலும் வாக்குரிமையும்: 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் உள்ளூர்த் தேர்தல்கள்

18-ஆம் நூற்றாண்டுத் தேர்தல் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். ஆக்ஸ்போர்டுஷயர் தொகுதியில் 1754இல் நடந்த கடும் போட்டியை ஒட்டி வில்லியம் ஹோகார்த் நான்கு ஓவியங்கள் வரைந்தார். குடித்துக் கவிழ்ந்த வாக்காளர்கள், கூசாமல் கையூட்டு நீட்டும் முகவர்கள், பாமரர்களுக்கு நடுவே அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் என்று அவை காட்டும் காட்சிகள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. ஆண்டுக்கு 40 ஷில்லிங் பெறுமானமுள்ள சொந்த நிலம் வைத்திருந்த எந்த ஆணுக்கும் அங்கே கவுன்டித் தேர்தலில் வாக்குண்டு. அதனால் மாளிகைவாசியான பெருநிலக்கிழார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது சிறு விவசாயியின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது.

அதே காலத்து ஜெர்மனியைப் பற்றிய பொது எண்ணம் வேறு. மன்னர் ஆணையிட்டார், அதிகாரி நிறைவேற்றினார், நிலக்கிழார் தன் மகனைப் படைக்கு அனுப்பினார், தேர்தலுக்கு அங்கே வேலையே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே தேர்தல்களுக்குக் குறைவில்லை. நகரமன்ற உறுப்பினர், மாவட்டத் தலைவர், கடன் சங்க நிர்வாகி, கன்னிமடச் சொத்துகளின் மேலாளர், மறைமாவட்ட ஆயர் எனப் பலரும் ஏதோ ஒரு வகைத் தேர்வின் வழியாகவே பதவிக்கு வந்தார்கள். அந்தத் தேர்தல்களின் வாக்காளர் யார், அவருக்கு அந்த உரிமை எப்படி வாய்த்தது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். இங்கிலாந்தில் தேர்தலை முன்னிட்டு விருந்து நடந்தது. ஜெர்மனியில் விருந்துப் பந்தியில் இடம் பெற்றவருக்கே தேர்தலிலும் இடம் கிடைத்தது. இந்த ஒரு வேறுபாடு அடுத்த நூற்றாண்டு அரசியல் வரை நீண்டது.

சிதறிய நாடு, பலவகைத் தேர்தல்

அன்று ஜெர்மனி என்ற தனி அரசு கிடையாது. புனித ரோமானியப் பேரரசு என்ற பெயரின் கீழ் பிரஷ்யா போன்ற பெரிய நாடுகளும், ஆயர்கள் ஆண்ட திருச்சபை நாடுகளும், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுமார் 50 நகரங்களும், ஒரு சில கிராமங்களை மட்டும் ஆண்ட பேரரசுக் குதிரைவீரர் குடும்பங்களும் இருந்தன. பேரரசரே ஒன்பது இளவரசர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்தான். அந்த ஒன்பது வாக்குகளில் ஒன்று ஹனோவர் ஆட்சியாளருடையது. 1714 முதல் அவரே இங்கிலாந்தின் அரசருமாக இருந்தார். லண்டனில் நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்டிய அதே ஜார்ஜ் மன்னர்கள், சொந்த மண்ணான ஹனோவரில் மேட்டுக்குடிகள் நிறைந்த அவைகளோடும் பேசித்தான் வரி வாங்க வேண்டியிருந்தது.

தென்மேற்கில் இருந்த வியூர்ட்டம்பெர்க் ஒரு விதிவிலக்கு. அங்கிருந்த குதிரைவீரர் குடும்பங்கள் பிரபுவின் ஆட்சியிலிருந்து விலகி நேரடியாகப் பேரரசரின் கீழ் போய்விட்டன. அதனால் அந்நாட்டு லாண்டாக், அதாவது மாநில அவை, மதத்தலைவர்களும் நகரப் பிரதிநிதிகளும் மட்டுமே கொண்டதாயிற்று. ஐரோப்பாவில் அரசியலமைப்பு என்று சொல்லத் தக்கவை இரண்டுதான், ஒன்று பிரிட்டனுடையது, மற்றது வியூர்ட்டம்பெர்க்குடையது என்று ஆங்கில அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் பாராட்டியதாகச் சொல்வதுண்டு. ஆனால் அங்கும் மன்ற இருக்கைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சம்பந்தம் செய்துகொண்ட சில நகரக் குடும்பங்களைத் தாண்டிப் போகவில்லை.

நகரங்கள்: நடனமும் குலுக்கலும்

நியூரம்பெர்க் நகரமன்றம் 1521இல் ஒரு விதி வகுத்தது. நகர மண்டபத்தில் நடக்கும் நடன விழாவுக்கு எந்தெந்தக் குடும்பங்களை அழைக்கலாம் என்ற பட்டியல் அது. டூக்கர், இம்ஹோஃப், ஹாலர், ஹோல்ட்ஷூகர், கிரெஸ் என நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருந்தன. பெயரளவில் அது கேளிக்கை பற்றிய விதி. நடைமுறையில் நகராட்சியின் மேல்தட்டை வரையறுத்ததும் அதுவே. நகரை ஆண்ட உள்மன்றத்தின் 42 இருக்கைகளில் எட்டு மட்டும் கைவினைஞர்களுக்கு. மற்றவை நடனத்துக்கு உரிமையுள்ள குடும்பங்களுக்கே போயின. ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டித் தேர்தல் நடந்தது. ஆனால் மாறியவை முகங்கள்தாம், குடும்பங்கள் அல்ல. 1806இல் பவேரியா அந்நகரை எடுத்துக்கொள்ளும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் மன்றம் மூன்று வரிசைகளாக உட்கார்ந்தது. முதல் வரிசை மூத்தவர்களுக்கு, இரண்டாவது இளையவர்களுக்கு, மூன்றாவது கைவினைச் சங்கங்களுக்கு. ஆல்டன் லிம்பர்க், ஃபிரவுயன்ஸ்டைன் என்ற இரண்டு குடும்பச் சங்கங்கள் மேல் வரிசைகளில் செல்வாக்குச் செலுத்தின. கூடிக் குடிப்பதற்கும் உறவு பேசுவதற்கும் இடைக்காலத்தில் தோன்றிய மன்றங்கள் அவை. அவற்றில் உறுப்பினராவதற்கு நேரான வழி பிறப்பு அல்லது திருமணம். குடும்ப ஆதிக்கம் பற்றி நகரத்தார் தொடர்ந்து முறையிட்டதால் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரரசர் தலையிட்டார். அதன் பிறகு காலியிடத்துக்கு மூவரைத் தேர்ந்தெடுத்து, வெள்ளி உருண்டைகளோடு ஒரு தங்க உருண்டையையும் பையிலிட்டுக் குலுக்கினார்கள். தங்கம் யாருக்கு வந்ததோ அவருக்கே பதவி.

இந்தக் குலுக்கலைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் சுவையான பதிவு கவிஞர் கோதேயின் தன்வரலாற்றில் உள்ளது. அவருடைய தாய்வழித் தாத்தா யோஹான் வோல்ஃப்காங் டெக்ஸ்டர், 1747 முதல் நகரின் மிக உயர்ந்த பதவியான ஷுல்தைஸ் பொறுப்பில் இருந்தவர். அதற்கு முன்பு, மூத்தோர் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து தன் இருக்கையில் டெக்ஸ்டரை உட்காரச் சொல்வதாகக் கனவு கண்டாராம். பின்னர் அந்த மூத்தவர் இறந்து குலுக்கல் நடக்கவிருந்தபோது, வாழ்த்த வருவோருக்கான உபசாரத்தை வீட்டில் முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டாராம். தங்க உருண்டையும் அவருக்கே விழுந்தது. கனவை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். முடிவு தெரிந்தவுடன் விருந்து வைப்பது எழுதாத கடமை என்பது மட்டும் இதிலிருந்து தெளிவாகிறது. விருந்தினர்கள் வாக்குக்காக வந்தவர்கள் அல்லர், புதிய உறுப்பினரைத் தம்மில் ஒருவராக ஏற்க வந்தவர்கள். அதே நகரில் கோதேயின் தந்தை மன்றத்துக்கு வெளியிலேயே வாழ்ந்து முடித்தார். 1742இல் பேரரசரிடமிருந்து ஆலோசகர் என்ற பட்டத்தை விலைக்கு வாங்கியவர் அவர். நெருங்கிய உறவினர்கள் ஒரே மன்றத்தில் அமரக் கூடாது என்ற விதி, மாமனார் பதவியில் இருந்ததால், அவருக்கு வழியை அடைத்தது.

குடவோலை முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பிருக்காது. உத்திரமேரூரில் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளும் சீட்டுக் குலுக்கி வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததையே சொல்கின்றன. அங்கும் நிலம், சொந்த மனை, வயது, வேதக் கல்வி ஆகிய தகுதிகளைக் கடந்தவரின் பெயரே குடத்துக்குள் போனது. குலுக்கலின் பயன் இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே இருக்கும் குடும்பங்களுக்கிடையே பகை மூளாமல் அது தடுத்தது. வெளியே இருப்பவரை உள்ளே கொண்டுவரும் வேலையை அதனிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

ஹாம்பர்க் சற்றே திறந்த நகரம். நீண்ட கலவரங்களுக்குப் பின் 1712இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, மன்றத்தில் காலியாகும் இடத்தை மன்றமே தேர்வும் குலுக்கலும் கலந்த முறையில் நிரப்பியது. பதவி ஆயுள் முழுவதற்கும். வணிகர்களும் சட்டம் படித்தவர்களும் வந்தார்கள். கவிஞர் பார்த்தோல்ட் ஹைன்ரிக் பிராக்கஸ் 1720இல் மன்ற உறுப்பினரானார். அவரும் நண்பர்களும் 1724 முதல் 1726 வரை நடத்திய 'டெர் பாட்ரியோட்' என்ற வார இதழ், லண்டனின் 'ஸ்பெக்டேட்டர்' பாணியில் நகர வாழ்வின் ஒழுக்கங்களை அலசியது. 1765இல் தோன்றிய தேசபக்தர் சங்கம் ஏழ்மை ஒழிப்பு, தொழிற்கல்வி எனப் பொதுப்பணிகளில் இறங்கியது. இத்தகைய சங்கங்களில் பழகியவர்கள் மன்றத்துக்கும் அறிமுகமானார்கள். கதவு அகன்றாலும், அந்த அறிமுகம் கைகூடியது விருந்தறையில்தான்.

பிரஷ்யா: அண்டை வீட்டாரின் வாக்கு

எல்பே ஆற்றுக்குக் கிழக்கே யுங்கர் எனப்படும் நிலக்கிழார்களின் நாடு. 'ரிட்டர்குட்' என்ற தனி உரிமையுள்ள பண்ணையே அவர்களுடைய அதிகாரத்தின் அடிப்படை. பண்ணை யாரிடமோ அவரிடமே அந்த ஊரின் நீதிமன்றமும் காவலும் தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமையும் இருந்தன. ஒரு வட்டாரத்தின் பண்ணையாளர்கள் கூடுவது 'க்ரைஸ்டாக்', அதாவது மாவட்டக் கூட்டம். வரியைப் பங்கிடுவது, படை நகரும்போது தீவனமும் வண்டியும் திரட்டுவது போன்ற வேலைகளைக் கவனிக்க அவர்கள் முன்னிறுத்திய ஆள்தான் 'லாண்ட்ராட்'. அரசர் ஒப்புதல் தந்தால் அவர் அரசு அதிகாரியும் ஆவார். சொந்தப் பண்ணையில் இருந்தபடியே அவர் அலுவல் பார்த்தார்.

பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் இந்த உரிமையை அடக்கப் பார்த்தார். தன் இறையாண்மையை வெண்கலப் பாறைபோல் நிறுத்திவிட்டு, லாண்டாக்கின் வெற்றுக் காற்றை மட்டும் யுங்கர்களிடம் விட்டுவைக்கலாம் என்ற பொருளில் அவர் எழுதியது பெயர்பெற்றது. 1740இல் பட்டத்துக்கு வந்த அவர் மகன் இரண்டாம் ஃபிரெடரிக், பல மாகாணங்களில் லாண்ட்ராட் பதவிக்கு ஆளை முன்மொழியும் உரிமையை மேட்டுக்குடிகளிடம் திருப்பித் தந்தார். அவருடைய போர்களுக்கு அவர்களின் மகன்கள் அதிகாரிகளாகத் தேவைப்பட்டார்கள்.

இந்தத் தேர்தலில் பிரசாரம் என்ற ஒன்றே இல்லை. வாக்காளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வேட்டையிலும் ஞானஸ்நான விழாவிலும் கல்யாணத்திலும் ஆண்டு முழுவதும் சந்தித்துக்கொள்பவர்கள். வேட்பாளர் ஒருவருக்கு மைத்துனர், இன்னொருவருக்குப் பழைய படைப்பிரிவுத் தோழர், மூன்றாமவருக்குக் கடன் கொடுத்தவர். யார் ஏற்கத் தக்கவர் என்பது கூட்டம் கூடுவதற்கு வெகுநாள் முன்பே தெரிந்துவிடும்.

ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பண்ணைகள் கடனில் மூழ்கியிருந்தன. அப்போது எழுந்த புதிய அமைப்பு தேர்தலுக்கு இன்னொரு கூர்மையைத் தந்தது. சைலீசியாவில் 1770இல் 'லாண்ட்ஷாஃப்ட்' என்ற கடன் சங்கம் தொடங்கியது. ஒரு வட்டாரத்து மேட்டுக்குடிகளின் பண்ணைகள் கூட்டாகப் பிணை நிற்க, கடன் பத்திரங்கள் வெளியாயின. பிராண்டன்பெர்க்கில் 1777இலும் பொமரேனியாவில் 1781இலும் இதே முறை பரவியது. ஒரு பண்ணைக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று மதிப்பிட்டவர்கள் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த அண்டைப் பண்ணையாளர்களே. தன் கணக்குப் புத்தகத்தை யார் புரட்டிப் பார்ப்பது என்பதையே ஒருவர் வாக்களித்து முடிவுசெய்தார். நேற்று ஒரே மேசையில் சீட்டாடியவர் இன்று நிலத்தின் விளைச்சலை அளக்க வருவார். ஊர் உறவும் கடன் தகுதியும் பதவியும் இவ்வளவு இறுகப் பின்னிய இடம் இங்கிலாந்தில்கூட அரிது.

மெக்லன்பெர்க்: மடத்தில் ஓர் இடம்

மெக்லன்பெர்க் மேட்டுக்குடிகள் மன்னரையே வென்றவர்கள். பிரபு கார்ல் லியோபோல்ட் அவர்களை ஒடுக்க முயன்றபோது பேரரசரிடம் முறையிட்டார்கள். பேரரசின் ஆணைப்படி 1719இல் ஹனோவர் படைகள் உள்ளே நுழைந்தன. 1755 ஏப்ரல் 18 அன்று ரோஸ்டாக்கில் கையெழுத்தான பரம்பரை உடன்படிக்கை அவர்களின் உரிமைகளை உறுதிசெய்தது. அது 1918 புரட்சி வரை பெரும்பாலும் அப்படியே நீடித்தது.

லாண்டாக் ஆண்டுதோறும் ஸ்டெர்ன்பெர்க், மால்ஹின் என்ற இரண்டு சிற்றூர்களில் மாறிமாறிக் கூடியது. ரிட்டர்குட் வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட இருக்கை உண்டு. அவர் யாருக்கும் பிரதிநிதி அல்லர், தனக்குத் தானே உறுப்பினர். தேர்தல் வந்தது பொறுப்புகளை நிரப்பும்போதுதான். அவற்றுள் மிகவும் போட்டிக்குரியவை கன்னிமட நிர்வாகப் பதவிகள். மதச் சீர்திருத்தத்துக்குப் பின், 1572இல் டோபர்ட்டின், மால்ஹோ, ரிப்னிட்ஸ் ஆகிய மூன்று மடங்களும் உள்நாட்டுப் பெண்களின் பராமரிப்புக்கென்று அவையிடம் ஒப்படைக்கப்பட்டன. திருமணமாகாத மேட்டுக்குடிப் பெண்ணுக்கு அங்கே வீடும் ஆயுள் வருமானமும் கிடைத்தன. மகள் பிறந்தவுடனேயே தகப்பன்மார் பதிவேட்டில் பெயர் எழுதிவைத்தார்கள்.

அந்தப் பதிவேட்டில் இடம்பெறத் தகுந்தவர் யார் என்பது 18-ஆம் நூற்றாண்டில் பெரும் வழக்காயிற்று. பழைய குடும்பங்கள் தங்களைப் 'பூர்வீகக் குடி' என்று தனித்துக்கொண்டன. புதிதாகப் பண்ணை வாங்கியவருக்கு அவையில் இருக்கை இருந்தும் மகளுக்கு மடத்தில் இடமில்லை. ஏற்பு என்ற தனிச் சடங்கைக் கடந்தால்தான் அது கிடைக்கும். வாக்குரிமையைப் பணத்தால் வாங்க முடிந்த இடத்திலும், அதற்குமேல் சமூக ஏற்பு என்ற இரண்டாவது தேர்தல் ஒன்று காத்திருந்தது.

ஆயர் தேர்தல்: பதினாறு முன்னோர்

கத்தோலிக்க மேற்கில் மிகப் பெரிய பரிசு ஆயர் பதவி. ஆயரே நாட்டின் ஆட்சியாளர். அவரைத் தேர்ந்தெடுத்தது பேராலயக் குருக்கள் குழு. மியூன்ஸ்டரில் அக்குழுவில் சேர, இருபுறமும் பதினாறு முன்னோர் மேட்டுக்குடியினரே என்று நிரூபிக்க வேண்டும். மியூன்ஸ்டர் நகரின் பழைய செல்வக் குடும்பங்களான 'எர்ப்மென்னர்' இதை எதிர்த்து 1557இல் தொடங்கிய போராட்டம், 1685 தீர்ப்பையும் தாண்டி, 1709இல் பேரரசர் உறுதிசெய்த பிறகே முடிந்தது. கவிஞர் அன்னெட் ஃபான் டிரோஸ்டே-ஹியூல்ஸ்ஹோஃப் பிறந்தது இந்தக் குடும்பங்களில் ஒன்றில்தான்.

இங்கே பணம் தாராளமாகப் புழங்கியது. சில பத்து வாக்குகளுக்காக வியன்னாவும் பெர்லினும் பாரிஸும் தூதர்களை அனுப்பின. 1780இல் ஆயரின் வாரிசைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் உள்ளூர் மேட்டுக்குடியும் திறமையான அமைச்சருமான ஃபிரான்ஸ் ஃபான் ஃபியூர்ஸ்டன்பெர்க், ஆஸ்திரியப் பேரரசியின் மகன் மாக்சிமிலியன் ஃபிரான்ஸிடம் தோற்றார். ஓஸ்னாபுரூக்கில் நிலைமை இன்னும் விந்தையானது. 1648 அமைதி உடன்படிக்கைப்படி அங்கே கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் மாறிமாறி ஆயராக வேண்டும். புராட்டஸ்டன்ட் முறை வந்தால் ஹனோவர் அரச குடும்பத்துக்கே பதவி. அதனால் 1764இல் மூன்றாம் ஜார்ஜின் இரண்டாவது மகன் ஃபிரெடரிக், ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே ஆயராகத் தேர்வானார். நிர்வாகத்தின் சுமையைத் தாங்கியவர் யுஸ்டஸ் மியோசர் என்ற சட்ட அறிஞர். உள்ளூர் மரபுகளைப் பாராட்டி அவர் எழுதிய கட்டுரைகள் கோதேயின் தலைமுறையைக் கவர்ந்தன.

குளிர்காலத்தில் மேட்டுக்குடிகள் நாட்டுப்புற மாளிகைகளை விட்டு மியூன்ஸ்டருக்கு வந்தார்கள். 1750களில் கட்டடக் கலைஞர் ஷ்லவுன் கட்டிய எர்ப்ட்ரோஸ்டன்ஹோஃப் அத்தகைய நகர மாளிகைகளில் பெயர்பெற்றது. அவைக் கூட்டமும், இசையும், சீட்டாட்டமும், பெண் பார்ப்பதும் ஒரே பருவத்தில் நடந்தன. கல்யாணம் இங்கே அரசியல் முதலீடு. தகுதியற்ற சம்பந்தம் ஒன்று நேர்ந்தால், பேரன் காலம் வரை பதினாறு முன்னோர் கணக்கு உதைக்கும்.

இங்கேதான் பெண்களின் பங்கு தெரிகிறது. 1784இல் டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானா வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்களில் ஃபாக்ஸுக்காக வாக்குக் கேட்டார். ஜெர்மன் சீமாட்டிக்கு அப்படித் தெருவில் இறங்கும் தேவை வரவில்லை. வாக்காளரை உருவாக்கும் வேலையே, அதாவது சம்பந்தம் பேசுவதும் உறவைக் காப்பதும், அவருடையதாக இருந்தது. கெட்லின்பூர்க் போன்ற மேட்டுக்குடிப் பெண்களின் மடங்களில் அவர்களே வாக்களித்துத் தலைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தலைவிக்குப் பேரரசின் அவையிலும் வாக்குண்டு.

வரலாற்றாசிரியர்களின் வழக்கு

இந்த அவைகளை எப்படி மதிப்பிடுவது என்பதில் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். எஃப். எல். கார்ஸ்டன் 1959இல் வெளியிட்ட நூல், ஜெர்மன் அவைகளும் மன்னரின் எதேச்சைக்குத் தடையாக நின்றவை என்று எடுத்துக்காட்டியது. அதற்கு ஓராண்டு முன்பு ஹான்ஸ் ரோசன்பெர்க், பிரஷ்ய மேட்டுக்குடியும் அதிகாரவர்க்கமும் ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்த கதையை எழுதியிருந்தார். வில்லியம் ஹேகன் 2002இல் ஒரு பிராண்டன்பெர்க் பண்ணையின் ஆவணங்களைத் தோண்டி, உழவர்கள் வழக்காடியும் வேலையை இழுத்தடித்தும் எதிர்த்து நின்றதைக் காட்டினார். மியூன்ஸ்டர் மேட்டுக்குடியைப் பற்றிய ஹைன்ஸ் ரைஃபின் 1979 ஆய்வு குடும்ப உத்திகளை மையமாக்கியது. பார்பரா ஷ்டோல்பெர்க்-ரிலிங்கர் 1999இல் அடிப்படைக் கேள்வியைக் கேட்டார்: இந்த அவைகள் மக்களுக்காகப் பேசின என்று எந்தப் பொருளில் சொல்லலாம்?

கார்ஸ்டன் சொன்னதுபோல் அவை மன்னருக்குக் கடிவாளம் போட்டன என்பதில் ஐயமில்லை. மெக்லன்பெர்க்கே சான்று. ஆனால் மன்னரைக் கட்டுப்படுத்துவதும் கீழுள்ளவருக்குப் பொறுப்புச் சொல்வதும் வெவ்வேறு பழக்கங்கள். முதலாவதில் அவர்கள் தேர்ந்திருந்தார்கள். இரண்டாவதற்கு வாய்ப்பே ஏற்படவில்லை. இங்கிலாந்தை இலட்சியமாக்கவும் வேண்டாம். அங்கும் பெரும்பாலான கவுன்டித் தொகுதிகள் செலவுக்கு அஞ்சிப் போட்டியின்றியே முடிந்தன. குதிரைப் பந்தய வாரத்து விருந்துகளில் பெரிய குடும்பங்கள் வேட்பாளரைப் பேசி முடித்தன. ஆனால் யாராவது ஒருவர் பிடிவாதமாகப் போட்டியில் இறங்கினால் உடன்பாடு உடைந்து, வழக்கு சிறு விவசாயியின் வாசலுக்கு வந்துவிடும். அந்த அச்சம் ஒன்றே ஆங்கிலக் கனவான்களுக்குப் பணிவைக் கற்பித்தது.

பிறகு வந்த வாக்காளர்கள்

நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யா 1807இல் யார் வேண்டுமானாலும் பண்ணை வாங்கலாம் என்றது. 1808இல் நகரங்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றங்களைத் தந்தது. நாட்டுப்புறம் மட்டும் அசையவில்லை. 1820களில் வகுத்த மாவட்டச் சட்டங்களில் ஒவ்வொரு ரிட்டர்குட் உடைமையாளருக்கும் ஒரு வாக்கு. மாவட்டத்து உழவர் அனைவருக்கும் சேர்த்து மூன்று பிரதிநிதிகள். பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க் இந்த உலகில்தான் அரசியல் பழகினார். 1846இல் எல்பே கரையின் அணைக் காவல் அதிகாரியானார். 1847இல் நோயுற்ற உறுப்பினர் ஒருவருக்கு மாற்றாகப் பெர்லின் பேரவைக்குப் போனார். மாவட்ட அமைப்பு 1872இல்தான் திருத்தப்பட்டது. அதற்கும் மேலவையில் அரசர் 25 புதிய உறுப்பினர்களை நியமிக்க வேண்டியிருந்தது.

அதற்குள், 1871இல், புதிய ஜெர்மன் பேரரசின் நாடாளுமன்றத்துக்கு 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பண்ணையாளர் இப்போது தன் கூலியாளின் வாக்கைப் பெற வேண்டியிருந்தது. கேட்டுப் பெறும் பழக்கம் இல்லாததால் பலர் ஆணையிட்டுப் பெறப் பார்த்தார்கள். மார்கரெட் லவீனியா ஆண்டர்சன் 2000இல் வெளியிட்ட நூல், கட்சி அச்சடித்த வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, பண்ணை மேற்பார்வையாளர் தொழிலாளர்களை வாக்குச்சாவடிக்கு வரிசையாக நடத்திச் சென்ற காட்சிகளை விவரிக்கிறது. வாக்குச்சீட்டுக்கு உறையும் மறைவிடமும் 1903இல்தான் கட்டாயமாயின. தியோடோர் ஃபொன்டானேயின் கடைசி நாவலான 'டெர் ஷ்டெக்லின்' இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதில் முதிய யுங்கர் ஒருவர் இடைத்தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரரிடம் தோற்கிறார். தோல்விச் செய்திக்குப் பின்னும் மேட்டுக்குடிகள் கூடி உற்சாகமாக விருந்துண்கிறார்கள்.

நூறாண்டுப் பழக்கம் அந்த விருந்தில் தெரிகிறது. நியூரம்பெர்க் நடன மண்டபமும் மால்ஹின் அவையும் மியூன்ஸ்டர் குருக்கள் குழுவும் கற்றுத்தந்த பாடம் ஒன்றுதான்: தேர்தல் என்பது தம்மவருக்குள் ஒருவரை அங்கீகரிப்பது. எதேச்சாதிகாரம் ஜெர்மன் மேட்டுக்குடியிடமிருந்து தேர்தலைப் பறித்துவிட்டது என்ற வழக்கமான விளக்கம் ஆகவே போதாது. அவர்களிடம் தேர்தல் தலைமுறை தலைமுறையாக இருந்தது. தமக்குக் கீழுள்ளவரிடம் தோற்கக்கூடிய தேர்தல்தான் இல்லை. ஒரு சமூகத்தில் வாக்குப்பெட்டி எத்தனை காலமாக இருக்கிறது என்பதைவிட, அதன் பெரிய மனிதர்கள் யாரிடம் போய் வாக்குக் கேட்கப் பழகியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டே அங்குள்ள தேர்தலை எடைபோட வேண்டும்.